வீட்டுக்கொரு எர்த்தா, கட்டடத்துக்கே ஒன்றா, சப்ளை நியூட்ரலா?

ஆறு, எட்டு வீடுகள் உள்ள சின்ன அடுக்ககத்தில் எர்த்துக்கு மூன்று வழிகள் பேசப்படும். வீட்டுக்கு வீடு தனி ராடு (மண்ணில் அடிக்கும் உலோகத் தண்டு). கட்டடம் முழுமைக்கும் ஒரே பொது எர்த். சப்ளை கேபிளின் நியூட்ரலிலிருந்தே மெயின் போர்டில் எர்த் எடுப்பது. முதல் இரண்டும் டிடி முறை: பழுது மின்னோட்டம் மண் வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும். மூன்றாவது டிஎன்-சி-எஸ்: அது நியூட்ரல் கம்பி வழியே திரும்பும்.

முதலாவதை நேராகவே ஒதுக்கிவிடலாம். தண்ணீர்க் குழாயும் கான்கிரீட் கம்பியும் எல்லா ராடுகளையும் எப்படியோ இணைத்துவிடும். தனி எர்த் என்பது வரைபடத்தில் மட்டுமே. உண்மையிலேயே பிரிந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்: கசிவுள்ள வீட்டின் ஃபிரிட்ஜ் உடலுக்கும், பக்கத்து வீட்டு எர்த்தோடு இணைந்த குழாய்க்கும் இடையே பெரிய வோல்டேஜ் வித்தியாசம் நிற்கும். ஒரே ஆள் இரண்டையும் தொட்டால் போதும்.

பொது எர்த்தில் கணக்கைப் பாருங்கள். ஒரு ஹீட்டருக்குள் பேஸ் கம்பி அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டது. மண்ணுக்கு ராடின் தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த்தின் தடை 2 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஓடும் பழுது மின்னோட்டம் சுமார் 19 ஆம்பியர். பி வகை 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) உடனே விழ 80 ஆம்பியர் வேண்டும். 19-க்கு அது விழாமலே இருக்கலாம். அதுவரை அந்த ஹீட்டரின் உடலில் 190 வோல்ட் நிற்கும். "10 ஓம் வந்துவிட்டது, இனி பயமில்லை" என்பது இங்கேதான் பொய்க்கிறது. ஆர்சிசிபி (போகும், திரும்பும் மின்னோட்டங்களின் வித்தியாசத்தில் கசிவைக் கண்டு சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத டிடி, பாதுகாப்பே அல்ல.

வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் ஆர்சிசிபி, மெயினில் தாமதத்துடன் விழும் எஸ் வகை 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மெயினில் தாமதம் இல்லாவிட்டால் ஒரு வீட்டுக் கசிவுக்கு மொத்தக் கட்டடமும் இருளும். தொடும் உலோகத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற வரம்புப்படி, 300 மில்லி ஆம்பியருக்கு எர்த் தடை 166 ஓம் வரை இருக்கலாம். கோடையில் மண் காயும் என்பதால் 100-க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. 100 ஓம்-மீட்டர் (மண்ணின் மின்தடை அளவு) மண்ணில் 3 மீட்டர் ராடு ஒன்றே சுமார் 33 ஓம் தரும். தடிமனைக் கூட்டிப் பெரிய பலனில்லை. ஆழத்தைக் கூட்டுங்கள், அல்லது ராடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இரண்டாவதை அடியுங்கள். புதுக் கட்டடமென்றால் கான்கிரீட் போடும் முன்பே அஸ்திவார எர்த் பதித்துவிடுவது எல்லாவற்றையும்விட மேல்.

டிஎன்-சி-எஸ் முறையில் பழுதுப் பாதை உலோகமே. அதன் மொத்தத் தடை 0.35 ஓம் என்றால் 650 ஆம்பியர் பாயும். எம்சிபி நொடியில் விழும். பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது: சப்ளை நியூட்ரல் அறுந்தால் வீடுகளின் சுமை மின்னோட்டம் எர்த் பார் (எல்லா எர்த் கம்பிகளும் சேரும் உலோகப் பட்டை) வழியே திரும்பப் பார்க்கும். 2.3 கிலோவாட் சுமையும் 20 ஓம் ராடும் இருந்தால் குழாய்களில் 100 வோல்ட்டுக்கு மேல் ஏறும். சுமை கூடக் கூட இன்னும் ஏறும். ஆர்சிசிபி இதைக் கவனிக்காது, ஏனென்றால் அதன் வழியே போகும், திரும்பும் மின்னோட்டங்கள் சமமாகவே இருக்கும். விழுந்தாலும் அது எர்த் கம்பியைத் துண்டிப்பதே இல்லை. எனவே மின் விநியோக நிறுவனமே எர்த் முனை தந்திருந்தால் மட்டும் இந்த வழி. நீங்களாக நியூட்ரலையும் எர்த்தையும் எங்கும் இணைக்காதீர்கள். பழைய மேல்நிலைக் கம்பியில் சப்ளை வருகிறதென்றால், பொது ராடும் ஆர்சிசிபியும்தான் என் தேர்வு.

எதை எடுத்தாலும் மெயின் எர்த் பாரிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கம்பி போக வேண்டும். பேஸ் கம்பி 16 சதுர மி.மீ. வரை எர்த் கம்பியும் அதே அளவு. வீடு வீடாகத் தொடுத்துக்கொண்டு போனால், கீழே ஒருவர் போர்டு மாற்றும்போது மேலே எல்லோரும் எர்த்தை இழப்பார்கள்; விளக்கு எரியும், யாருக்கும் தெரியாது. உலோகக் குழாய்களுக்கு பாரிலிருந்து குறைந்தது 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி. ராடை அளக்க மெயினை அணைத்த பிறகே எர்த் இணைப்பைக் கழற்றுங்கள். மாட்டி முறுக்கிய பிறகே மெயினைப் போடுங்கள்.