பால் கட்டிக் காய்ச்சல்: சூடா குளிரா, பிழிவதா விடுவதா?

குழந்தை பிறந்த முதல் இரண்டு மாதங்களில்தான் இது அதிகம் வரும். மார்பின் ஒரு பக்கம் கல்லாக இறுகிச் சிவக்கும், தொட்டால் உயிர் போகிற வலி, அப்புறம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். டாக்டர்கள் மாஸ்டைடிஸ் என்று எழுதுவார்கள். வீட்டில் 'பால் கட்டிடுச்சு' என்போம். அந்த நேரத்தில் சுற்றியிருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் சில ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதுதான் சிக்கல். வலியில் துடிக்கும் தாய் எல்லாவற்றையும் செய்து பார்ப்பதைவிட, எது எதற்கு என்று தெரிந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிழிந்து காலி செய்வதா, பிள்ளை குடிப்பதோடு விடுவதா?

'உள்ளே பால் அடைத்திருக்கிறது, நன்றாக அமுக்கிப் பிழிந்து எடுத்துவிட்டால் சரியாகும்.' பாட்டி முதல் செவிலியர் வரை பல காலமாகச் சொல்லிவந்தது இதுதான். அன்றைக்கு அவர்கள் சொன்னதில் தப்பில்லை. உலக சுகாதார நிறுவனம் 2000-ல் வெளியிட்ட மாஸ்டைடிஸ் அறிக்கையும் பாலை வெளியேற்றுவதையே முக்கிய சிகிச்சையாகச் சொன்னது.

2022-ல் இந்த எண்ணம் மாறியது. தாய்ப்பால் சிகிச்சையில் உலக அளவில் மதிக்கப்படும் அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் அமைப்பு தன் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது. பால் குழாய்கள் மிக மெல்லியவை, வலைபோல் பின்னிக் கிடப்பவை. கையில் தட்டுப்படும் கட்டி பெரும்பாலும் குழாய்களைச் சுற்றியுள்ள திசுவின் வீக்கம், உள்ளே உறைந்து நிற்கும் பால் அல்ல என்கிறது அது. வீங்கிய இடத்தை அழுத்திப் பிசைந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடிபட்டு வீக்கம் கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு சுரப்பதுதான் மார்பின் இயல்பு. குழந்தை குடித்த பிறகும் பம்ப் வைத்துக் காலி செய்துகொண்டே இருந்தால், இன்னும் அதிகம் தேவை என்று உடல் எடுத்துக்கொள்ளும். அடுத்த நாள் இன்னும் இறுகும். பால் ஊற வேண்டும் என்று அந்த நாட்களில் பூண்டும் சுறாப்புட்டும் கூடுதலாகக் கொடுப்பதையும் இதே காரணத்துக்காக நிறுத்திவைக்கலாம் என்பது என் எண்ணம்.

தாய்ப்பால் ஆலோசகர்கள் எல்லாரும் புதிய முறையை முழுமனதாக ஏற்கவில்லை. பழைய முறையில் குணமானவர்களும் நிறையப் பேர். ஆனாலும் நான் புதிய முறையின் பக்கம்தான் நிற்பேன். பலருக்கு இந்த வீக்கம் ஒன்றிரண்டு நாளில் தானே அடங்கும். அப்படிப்பட்ட ஒன்றுக்காக, வலியில் அலறும் பெண்ணின் மார்பை இரண்டு பேர் பிடித்து அமுக்குவது கொடுமை.

விடுவது என்றால் பால் கொடுக்காமல் இருப்பது அல்ல. வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவு, இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். காம்பைச் சுற்றிய கரு வட்டம் இறுகி, குழந்தையால் வாய் வைத்துப் பிடிக்க முடியவில்லையா? விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சுப் பக்கமாக மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகும். கையால் கொஞ்சம் பால் எடுத்துவிட்டும் கொடுக்கலாம். குழந்தை தனி வார்டில் இருந்தால், அது குடிக்கும் அளவுக்கு மட்டும் பம்ப் செய்தால் போதும். தடவிவிட வேண்டும் என்று தோன்றினால், தோலில் பட்டும் படாமலும் அக்குளை நோக்கித் தடவலாம். நிணநீர் வடிய அது உதவும்.

வெந்நீர் ஒத்தடமா, ஐஸா?

பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்ச்சி ஆகாது என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் ஐஸ் என்ற பேச்சை எடுத்தாலே எதிர்ப்பு வரும். ஆனால் வீக்கத்தைக் குறைப்பது குளிர்ச்சிதான். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கமும் கூடலாம். கால் சுளுக்கி வீங்கினால் முதலில் ஐஸ் வைப்பதில்லையா, அதே கணக்கு.

ஐஸைத் துணியில் சுற்றி, பால் கொடுத்த பிறகு பத்து இருபது நிமிடம் வைக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் வைக்கக் கூடாது. சூடு அறவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. பால் கொடுக்கும் முன் மிதமான வெந்நீர்த் துணியைச் சற்று நேரம் வைத்தால் சிலருக்கு இதமாக இருக்கும், பாலும் இறங்கும். இதம் தருகிறது என்பதற்காக மட்டும் வைக்கலாம். கொதிக்கக் கொதிக்க வைத்தால் தோல் வெந்துபோகும்.

வீட்டில் பெரியவர்கள் மறுத்தால், சண்டை போடாமல் ஐஸுக்குப் பதில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியில் தொடங்கலாம். மார்பில் மட்டும் வைக்கும் குளிர்ச்சியால் தாய்க்கோ பிள்ளைக்கோ சளி பிடிக்காது.

முட்டைக்கோஸா, மல்லிகைப்பூவா?

முட்டைக்கோஸ் இலையை ஃபிரிட்ஜில் குளிர வைத்து மார்பில் வைக்கும் பழக்கம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பால் கட்டிய வலிக்குச் சிலருக்குப் பலன் தருகிறது. அதில் எவ்வளவு இலையின் குணம், எவ்வளவு வெறும் குளிர்ச்சி என்று பிரித்துச் சொல்லுமளவு வலுவான ஆதாரம் இல்லை. ஐஸ் இருந்தால் இதைத் தேட வேண்டாம்.

மல்லிகைப்பூ அப்படியல்ல. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் பால் சுரப்பை நிறுத்த வேண்டியிருந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு மார்பில் மல்லிகைப்பூவை வைத்து ஒட்டினார்கள், மற்றவர்களுக்கு பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரை கொடுத்தார்கள். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரு பிரிவிலும் குறைந்தது, மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மார்பு இறுக்கமும் பால் சுரப்பும் குறைவதில் பூ மாத்திரைக்குச் சமமாக இருந்தது.

அதாவது, பூ பாலை வற்ற வைக்கும். குழந்தையை இழந்த தாய்க்கோ, பால் மறக்கடிக்கும் தாய்க்கோ அது நல்ல வழி. பால் கொடுத்துக்கொண்டிருப்பவர், கட்டிய பக்கம் பூ வைத்துக் கட்டினால் அந்தப் பக்கம் பாலே குறைந்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே பூவைக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நிறுத்துவதா, தொடர்வதா?

இதில் விவாதமே வேண்டாம். தொடருங்கள். 'கெட்டுப்போன பால், பிள்ளைக்கு ஆகாது' என்பது உண்மையல்ல. மாஸ்டைடிஸ் உள்ள மார்பின் பால் ஆரோக்கியமான குழந்தைக்குக் கேடு செய்யாது. திடீரென்று நிறுத்தினால்தான் இன்னும் கட்டும். உப்புச்சத்து கூடுவதால் பாலின் சுவை மாறும், குழந்தை அந்தப் பக்கம் முகம் திருப்பலாம். அப்போது அந்த அளவுப் பாலைக் கையால் எடுத்துவிடுங்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் மட்டும் உடனே டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த மாத்திரை, எப்போது?

பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். இபுபுரூஃபன் வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும். அதனால் முடிந்தவர்களுக்கு இபுபுரூஃபனே மேல். பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களும், பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்களும் கேட்காமல் போடக் கூடாது. சாப்பிட்ட பிறகே போட வேண்டும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் பொறுமைக்கும் அவசரத்துக்கும் ஒரு நாள்தான் இடைவெளி. எல்லா மாஸ்டைடிஸும் கிருமியால் வருவதில்லை. குளிர்ச்சியும் வலி மாத்திரையும் ஓய்வும் கொடுத்து 24 மணி நேரத்தில் தணிந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. தணியவில்லை, காய்ச்சல் ஏறுகிறது, காம்பில் வெடிப்பில் சீழ் தெரிகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். தலை சுற்றல், மூச்சு வாங்குதல், குழப்பம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்கலாம். வழக்கமான கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதால் குளோக்சசிலின், செஃபலெக்சின் போன்றவற்றை 10 முதல் 14 நாள் எழுதுவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடையில் கேட்டு இரண்டு நாள் மட்டும் போட்டு நிறுத்துவது, இரண்டு வழிகளிலும் மோசமானதைத் தேர்ந்தெடுப்பது.

ஊசியா, கத்தியா?

சிலருக்குச் சீழ்க்கட்டியாகிவிடும். மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் கட்டி குறையாமல் மெத்தென்று ஆனால் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசியால் சீழை உறிஞ்சினால் தழும்பு சிறிது, பால் கொடுப்பதும் தடைபடாது, ஆனால் சில முறை திரும்ப உறிஞ்ச வேண்டிவரலாம். கட்டி பெரிதாகவோ, திரும்பத் திரும்ப நிறைவதாகவோ இருந்தால் கீறி வடிகால் வைப்பார்கள். முதலில் ஊசி முயன்று பார்க்கலாமா என்று தாராளமாகக் கேளுங்கள். எந்த வழியானாலும், குழந்தையின் வாய் காயத்தில் படாத வரை அந்தப் பக்கமே பால் கொடுக்கலாம். ஆன்டிபயாடிக் முழுதாக முடிந்த பிறகும் சிவப்பும் தடிப்பும் அப்படியே இருந்தால் மறுபடி ஸ்கேன் கேளுங்கள். அரிதாக, மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையும் இதே தோற்றத்தில் வரும்.