விரல் ஸ்கேன் எடுத்து 'இந்த விளையாட்டுதான் பொருந்தும்' என்று சொல்லும் சேவை: பணம் கட்டும் முன் படியுங்கள்

இந்தக் கோடையில் திருச்சியில் எங்கள் மாணவர்கள் போன தடகளப் பயிற்சி முகாமுக்கு ஒரு தனியார் நிறுவனம் வந்தது. பிள்ளைகளின் இரண்டு கைகளையும் ஸ்கேன் எடுத்து, 'விளையாட்டுத் திறன் அறிக்கை' என்று ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு 1,800 ரூபாய். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அறிக்கை வாங்கிய பெற்றோர் பலர் விளக்கம் கேட்டு என்னிடம்தான் வந்தார்கள். என் மகனுக்கும் எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. யார் இந்தச் சேவையை விற்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். வந்த இரண்டு பேரும் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசினார்கள், யாரையும் பணம் கட்டச் சொல்லி வற்புறுத்தவில்லை. அறிக்கை அந்த வாரமே வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பல பக்கம், கடைசியில் தமிழில் ஒரு சுருக்கம். அச்சும் படங்களும் அழகு.

உள்ளே இருப்பதுதான் பிரச்சினை.

அவர்கள் பார்ப்பது 2டி:4டி என்ற விகிதம். ஆள்காட்டி விரலின் நீளத்தை மோதிர விரலின் நீளத்தால் வகுத்தால் வருவது. சராசரியாக ஆண்களுக்கு மோதிர விரல் சற்று நீளம், அதனால் விகிதம் 1-க்குக் கீழே இறங்கும். பெண்களுக்கு 1-ஐ ஒட்டி வரும். கருவில் இருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) இரண்டும் எந்த அளவில் வேலை செய்தன என்பதன் தடம் இதில் இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தால் விகிதம் குறையும் என்பது ஜான் மானிங் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1998-லிருந்து வளர்த்த கருத்து. வெறும் ஜோசியம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜெங், கோன் இருவரும் சுண்டெலிகளில் செய்த ஆய்வில், இந்த ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நான்காவது விரலில், அதாவது மோதிர விரலில்தான் அதிகம் வேலை செய்கின்றன என்று காட்டினார்கள்.

விளையாட்டோடு தொடர்பு இருப்பதற்கும் ஆதாரம் உண்டு. 2001-இல் மானிங்கும் டெய்லரும் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 304 பேரை அளந்தபோது, மற்ற ஆண்களைவிட அவர்களின் விகிதம் குறைவாக இருந்தது. நாட்டிங்காமில் நடக்கும் ராபின் ஹுட் அரை மராத்தானில் ஓடிய 542 பேரை அளந்த ஆய்வு 2015-இல் வந்தது. அதில் மிகக் குறைந்த விகிதம் கொண்ட பத்து சதவீத ஆண்கள், மிக உயர்ந்த விகிதம் கொண்ட பத்து சதவீதத்தினரைவிடச் சராசரியாக 24 நிமிடத்துக்கும் அதிகமாக முந்தியிருந்தார்கள். இந்த 24 நிமிடத்தைத்தான் நிறுவனம் தன் துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

சரி, இது உண்மையான ஆய்வுதானே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அந்த எண் இரண்டு ஓரத்தில் நிற்பவர்களை ஒப்பிட்டு வந்தது. நடுவில் இருக்கும் எண்பது சதவீதம் பேரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2010-இல் ஹோனெகோப், ஷூஸ்டர் இருவரும் கணக்கிட்டபோது, விரல் விகிதத்துக்கும் விளையாட்டுத் திறனுக்கும் உள்ள தொடர்பு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) 0.3-க்கும் கீழேதான் வந்தது. ஆளுக்கு ஆள் திறனில் தெரியும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட விரல் விளக்காது என்று அர்த்தம். ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச இது போதும். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கப் போதவே போதாது.

எனக்கு இன்னும் கோபம் வந்தது வேறொரு இடத்தில். குறைந்த விகிதம் வந்த பையன்கள் எல்லாருக்கும் 'குறுந்தூர ஓட்டம்' என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். பையன்களின் 50 மீட்டர் ஓட்டத்தை மானிங்கே ஹில் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து 2009-இல் எழுதினார். குறுந்தூர வேகத்தோடு தொடர்பு மிகப் பலவீனம், நெடுந்தூர ஓட்டத்தில்தான் கொஞ்சமாவது வலு இருக்கிறது என்று அதில் சொல்லியிருக்கிறார். யாருடைய கருத்தை வைத்துப் பணம் வாங்குகிறார்களோ அவர் சொன்னதற்கே நேர் எதிராகப் பரிந்துரை எழுதியிருக்கிறார்கள்.

இனி அளவெடுப்பு. விரலின் உள்பக்கத்தில், உள்ளங்கையோடு சேரும் இடத்தில் ஒரு மடிப்புக் கோடு இருக்கும். அங்கிருந்து விரல் நுனி வரை அளக்க வேண்டும். உங்கள் மோதிர விரலை இப்போது திருப்பிப் பாருங்கள். பலருக்கு அந்த இடத்தில் இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். உள்ளங்கையை ஒட்டிய கோட்டிலிருந்து அளப்பதுதான் முறை. மேல் கோட்டை எடுத்தால் கணக்கே மாறிவிடும். ஸ்கேனர் கண்ணாடியில் கையை அழுத்தி வைக்கும்போது விரல் நுனியின் சதை நசுங்கிப் பரவும். நேரடியாக அளப்பதைவிட நகல் எடுத்து அளந்தால் விகிதம் குறைவாக வருகிறது என்பது ஆய்வாளர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். முகாமில் ஸ்கேன் எடுத்தவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் "நல்லா அழுத்தி வைப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

என் மகனின் வலது கைக்கு அறிக்கையில் 0.941 என்று இருந்தது. எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோல் இருக்கிறது, அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு 0.01 செ.மீ. அதை வைத்து அளந்தேன். ஆள்காட்டி விரல் 66.2 மி.மீ., மோதிர விரல் 69.5 மி.மீ. விகிதம் 0.953. நான் என்ன எண் எழுதினேன் என்று சொல்லாமல் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தேன். மோதிர விரல் அவருக்கும் அதேதான், ஆள்காட்டி விரல் 66.9 வந்தது. விகிதம் 0.963. அந்த நிறுவனத்தின் அட்டவணையில் 0.95-க்குக் கீழே 'மிக அதிகம்', 0.96 வரை 'அதிகம்', அதற்கு மேல் 'நடுத்தரம்'. ஒரே பையன், ஒரே கை, மூன்று தரம். ஒரு மில்லிமீட்டர் தள்ளி அளந்தால் விகிதம் 0.014 மாறுகிறது. ஆண்களின் சராசரிக்கும் பெண்களின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

அந்த அட்டவணை எந்த ஊர்ப் பிள்ளைகளை அளந்து போட்டது என்று கேட்டேன். "இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட் மேடம்" என்றார். ஆண் பெண் வித்தியாசத்தைவிட ஓர் இனத்தாருக்கும் இன்னொரு இனத்தாருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது என்று மானிங்கின் ஆய்வுகளே காட்டுகின்றன. இங்கிலாந்துக்காரர்களின் சராசரியை வைத்து நம் பிள்ளைகளுக்குத் தரம் பிரித்தால் அதில் என்ன பொருள் இருக்கிறது?

இந்த மதிப்பீட்டை நான் எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். தமிழ்ச் சுருக்கப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது: 'டெஸ்டோஸ்டிரோன் அளவு'. என்னிடம் 800 மீட்டர் ஓடும், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அறிக்கையில் அந்தப் பெட்டிக்குள் 'ஆண் ஹார்மோன்: மிக அதிகம்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அவள் அம்மா வேலை முடித்து நேராகப் பள்ளிக்கு வந்தார். கைப்பேசியை என்னிடம் நீட்டி, "டீச்சர், இதுல ஆம்பள ஹார்மோன்னு போட்டிருக்கே, இவளுக்கு ஏதும் கோளாறா? நாளைக்கு நாலு பேரு பாத்தா என்ன பேசுவாங்க?" என்றார்.

"அக்கா, இது ரத்தம் எடுத்துப் பாத்த கணக்கு இல்ல. விரல் நீளத்த வச்சுப் போட்டது. உங்க பொண்ணுக்கு ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவர் முகம் தெளிய வெகுநேரம் ஆனது.

நான் அவருக்குச் சொன்னது ஆறுதல் வார்த்தை இல்லை, உண்மை. வளர்ந்த ஆண் பெண்களின் ரத்தத்தில் இப்போது ஓடும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் இந்த விகிதத்துக்கும் தொடர்பில்லை என்று 2007-இல் வந்த தொகுப்பாய்வு தெளிவாகச் சொல்கிறது. விரல் விகிதம் பெரும்பாலும் கருவின் முதல் மூன்று மாதங்களில் உருவாகிவிடுகிற ஒன்று. அதைப் பார்த்து இன்றைய ஹார்மோன் அளவை எழுதுவது பொய். ஆண்களின் விரல் விகிதமும் பெண்களின் விரல் விகிதமும் ஒன்றோடொன்று அவ்வளவு கலந்து கிடக்கின்றன, குறைந்த விகிதம் உள்ள பெண்கள் எந்த வகுப்பறையிலும் இருப்பார்கள்.

எங்கள் மாவட்டத்தில் இந்த வார்த்தைகளுக்கு இருக்கும் கனம் வேறு. கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் பட்ட அவமானம் இங்கே எல்லாருக்கும் தெரியும். பெண்ணை ஓட அனுப்பலாமா என்று இன்றும் தயங்கும் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசித்தான் பெண்களை மைதானத்துக்கு அழைத்து வருகிறோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு 'ஆண் ஹார்மோன் மிக அதிகம்' என்று சிவப்பு எழுத்தில் அனுப்புகிறவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? எதிர்ப்பக்கமும் நடந்தது. எங்கள் பள்ளியில் நன்றாக நீளம் தாண்டும் இன்னொரு பெண்ணுக்கு விகிதம் 1.01 என்று வந்து, 'யோகா, சதுரங்கம் பொருத்தம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் அடுத்த நாள் குழிக்கே வரவில்லை. கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திறமை பார்க்க வேண்டுமென்றால் ஓட விட்டுப் பார்ப்பதுதான் வழி. முப்பது மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், மெடிசின் பால் எறிதல், 600 மீட்டர். ஒரு ஸ்டாப்வாட்சும் டேப்பும் போதும். அதோடு பிறந்த மாதத்தைக் கேட்பேன். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒன்றாக ஓடும்போது, முந்தி வளர்ந்தவன் ஜெயிப்பான், அதைத் திறமை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வருடம் கழித்துத் திரும்ப அளப்பேன். எவ்வளவு முன்னேறினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அரசு விளையாட்டு விடுதித் தேர்விலும் ஓட்டமும் தாண்டுதலும்தான் கேட்பார்கள், விரலை யாரும் கேட்கப்போவதில்லை. 1,800 ரூபாயை ஒரு ஜோடி ஸ்பைக்ஸுக்குப் போடுங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அதுவும் நேரம் தவறாமல் வந்ததற்கும் பிள்ளைகளிடம் நடந்துகொண்ட விதத்துக்கும்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஒன்று. முழுக் கையை ஸ்கேன் எடுக்கும்போது பிள்ளையின் கைரேகையும் அதில் பதிவாகிறது. எங்களிடம் எழுத்துப்பூர்வமாக எந்தச் சம்மதமும் வாங்கவில்லை. 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. படத்தை அழிக்கச் சொல்லி நான் மின்னஞ்சல் அனுப்பினேன், அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. பிள்ளையின் பெயர், முகாம் நடந்த தேதி, ரசீது எண் மூன்றையும் போட்டு நீங்களும் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.