டெல்டாவில் பழைய வேகன் ஆர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை, ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் தினமும் ஓட்ட ஒரு கார் வேண்டும், கையில் இருப்பது இரண்டு, இரண்டரை லட்சம்தான் என்றால், 2010 முதல் 2018 வரை வந்த மாருதி வேகன் ஆர் 1.0 நல்ல தேர்வு. 998 சி.சி., மூன்று சிலிண்டர் கே10பி என்ஜின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். ஸ்பேர் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், பிரித்துக் கட்டத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை.

ஆனால் டெல்டாவில் ஒரு வண்டியைத் தின்பது தண்ணீரும் துருவும்தான். என்ஜின் கெட்டால் சரி செய்துவிடலாம். தண்ணீரில் நின்ற வயரிங்கையும், உளுத்துப்போன பாடியையும் இந்த பட்ஜெட்டில் சரி செய்யவே முடியாது. அதனால் பானெட்டைத் திறக்கும் முன் வண்டியின் தரையைப் பாருங்கள்.

முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்துவிடுவார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் துவைப்பதில்லை. அங்கே செம்மண் நிறமோ, குறுக்கே ஒரு கறைக்கோடோ தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். அடுத்து சீட்டுக்கடியில் இருக்கும் தண்டவாளமும் அதன் போல்ட்டுகளும். மேலே பளபளப்பாக இருந்து போல்ட் மட்டும் துருவேறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். டிக்கி மேட்டைத் தூக்கி மூலைகளில் விரலால் தடவினால் வண்டல் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஃபியூஸ் பாக்ஸ் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஈ.பி.எஸ். (எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். விளக்கே எரியாவிட்டால் கோளாறை மறைக்க பல்பைக் கழற்றியிருக்கலாம்.

சென்னைப் பதிவு எண் வண்டி மலிவாக வந்தால் இன்னும் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டு வாங்கி, கிளெய்ம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் வண்டிகளுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. கதவின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவு, ரன்னிங் போர்டு (கதவுகளுக்குக் கீழே நீளும் தகடு) மூன்றையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருவை மறைக்கப் பட்டி வைத்த இடம் சொத்தென்று மந்தமாக ஒலிக்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் அங்கே ஒட்டாது.

என்ஜினைக் காலையில், யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். பானெட் சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், கூலண்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் ஹெட் கேஸ்கட் (என்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு) போயிருக்கலாம். ரிசர்வ் டப்பாவில் கூலண்டுக்குப் பதில் காவி நிறத் தண்ணீர் இருப்பது இங்கே அடிக்கடி காண்பது. போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருப்பார்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரில் படிந்து அடைக்கிறது, என்ஜின் சூடேறி ஹெட் வளைகிறது. ஏ.சி.யைப் போட்டுப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஃபேன் ஓடுகிறதா, டெம்பரேச்சர் நிலையாக நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் ஆக்சிலில் சுற்றி, ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை அறுத்துவிடும். கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், அப்படித்தான் ஜாயின்ட் கெடுகிறது. லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களின் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வயரிங்கில் புதிதாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் எலி கடித்ததா என்று கேளுங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் பானெட்டுக்குள் குடியேறும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. எத்தனை பட்டன் (ரோட்டில் படும் புடைப்பு) மீதமிருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரை மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள். ஆயில், ஃபில்டர், மூன்று ஸ்பார்க் பிளக், கூலண்ட், பிரேக் பேட், பேட்டரி என்று முதல் மாதத்துக்கு முப்பதாயிரமாவது தனியே எடுத்து வைக்காமல் வாங்காதீர்கள்.

பேப்பர் விஷயத்தில் ஆட்டோ கன்சல்டிங்காரர் வாய்வார்த்தை போதாது. ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன் இருப்பதன் பதிவு) இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. காரைக்கால் பி.ஒய். 02 பதிவு எண் வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28 வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அதைக் கணக்குப் போட்டால் மலிவு பெரும்பாலும் காணாமல் போகும். 2010, 2011 வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்திருக்கும், அல்லது முடியப்போகும். புதுப்பித்தல் செலவு யார் தலையில் என்பதை அட்வான்ஸுக்கு முன்பே பேசுங்கள்.

வாங்கிய பிறகு வைக்கோல் பரப்பிய ரோட்டைக் கடந்தால் ஓரமாக நிறுத்திக் குனிந்து அடியில் பாருங்கள். சைலன்சர் சூட்டில் சிக்கிய வைக்கோல் தீப்பிடிக்கும். என்ஜினை அணைத்துவிட்டு ஒரு குச்சியால் இழுத்து எடுக்க இரண்டு நிமிடம் போதும்.