முதல் பிரசவம் சிசேரியனா? வயிற்றுவலியை 'கேஸ்' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

என் தங்கச்சிக்கு நடந்தது இது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் அந்த நர்சிங் ஹோமின் பெயரைப் போடவில்லை.

அவளுக்கு முதல் குழந்தை சிசேரியன். பையனுக்கு இரண்டு வயது முடிந்த கையோடு மறுபடி நாள் தள்ளிப்போனது. வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் ஏழாவது வாரம் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் துடிப்பு வந்துவிட்டது என்றார்கள். ரிப்போர்ட்டில் மட்டும் கரு கீழே இருப்பதாக ஒரு வரி. அதைக் காட்டிக் கேட்டோம். "வளர வளர மேல ஏறிடும்மா, மாடிப்படி ஏறாம ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி மாத்திரை எழுதினார் டாக்டரம்மா. பழைய தழும்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. முதல் பிரசவத்தின் ஃபைல் என் மடியில்தான் இருந்தது.

பன்னிரண்டாவது வாரம், ராத்திரி ஒன்றரை மணிக்கு "அக்கா, அடிவயித்துல ஏதோ பட்டுன்னு அறுந்த மாதிரி இருக்கு" என்று எழுப்பினாள். ஆட்டோ பிடித்து அதே நர்சிங் ஹோமுக்குப் போனோம். டாக்டர் இல்லை. டியூட்டி சிஸ்டர் போனில் பேசிவிட்டு, கேஸ் வலி என்று ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார். வலி விடவில்லை. சற்று நேரத்தில் வலது தோள்பட்டை குத்துகிறது என்றாள். படுத்தால் இன்னும் அதிகமாகிறது என்றாள். "கோணலா படுத்திருப்பீங்க" என்றார்கள். பாத்ரூம் போக எழுந்தவள் கண் இருட்டி என் மேலேயே சாய்ந்தாள். வெறும் வயிறு, மசக்கை என்றார்கள். என் அம்மாவும் அதையே சொன்னார்கள். ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வரவில்லை என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10.2. "ரத்தம் நல்லாத்தான் இருக்கு, காலையில டாக்டர் வரட்டும்" என்றார்கள். நாடி 130 என்று சார்ட்டில் அவர்களே எழுதியிருந்தார்கள். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தரைக்கு வயிறு உப்பி, உதடு வெளுத்து, பிரஷர் 80க்கு இறங்கிய பிறகுதான் "இங்க வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். அப்போதும் பில் கட்டிய பிறகுதான் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

108 வண்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சீமாங்க் சென்டருக்கு, அதாவது அவசரப் பிரசவ சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். வாசலிலேயே ஒரு இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மொதப் பிரசவம் ஆபரேஷனா?" ஆமாம் என்றதும் இரண்டு கையிலும் பெரிய ஊசி குத்தி, ரத்தத்துக்கு ஆள் அனுப்பி, படுக்கையிலேயே வயிற்றில் ஸ்கேன் வைத்தார். வயிறு முழுக்க ரத்தம். நாற்பது நிமிடத்தில் தியேட்டருக்குள் போய்விட்டாள். பழைய தழும்பு கிழிந்திருந்தது. இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளேயே தேங்கியிருந்தது. ஐந்து யூனிட் ஏற்றினார்கள். கிழிசலைத் தைத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை போய்விட்டது.

கர்ப்பப்பை வெடிப்பதெல்லாம் நிறைமாதத்தில், இடுப்புவலி எடுத்த பிறகுதான் என்று நானும் நினைத்திருந்தேன். மறுநாள் அந்த டாக்டர் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். சிசேரியன் வெட்டிய இடம் சில பேருக்குச் சரியாகச் சேராமல் உள்பக்கம் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். அடுத்த கரு அந்தப் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொண்டால், அதற்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் தோல் மாதிரிதான் சதை இருக்கும். கரு வளர வளர அது தாங்காது. சுமார் 2,000 கர்ப்பங்களில் ஒன்று இப்படி அமைகிறதாம். அபூர்வம்தானே என்று விட்டுவிட முடியுமா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். இத்தனை பேருக்குத் தழும்பைப் போட்டுவிட்டு, அடுத்த கர்ப்பத்தில் அதைப் பற்றிக் கேட்காமல் அனுப்பினால் எப்படி?

ஹீமோகுளோபின் விஷயத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "பாதிக் குடம் பால் கொட்டினாலும் மிச்சமிருக்கிற பால் கெட்டியாத்தானே இருக்கும்? தண்ணி சேர்ந்த பிறகுதானே நீர்க்கும்? ரத்தமும் அப்படித்தாம்மா" என்றார். ரத்தம் கசிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்கு அந்த எண் நம்மை ஏமாற்றும். வயசுப் பெண்களுக்கு பிரஷர்கூடக் கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாக விழும். முதலில் ஓடுவது நாடிதான். தோள்பட்டை வலி, வயிற்றில் தேங்கிய ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருவது. கர்ப்பிணிக்கு வயிற்றுவலியோடு தோள்வலியோ மயக்கமோ சேர்ந்தால், வெளியே ரத்தம் பட்டாலும் படாவிட்டாலும், ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் இருக்கிற இடத்துக்கு அந்த நிமிடமே கிளம்புங்கள். விடியட்டும் என்று உட்காராதீர்கள்.

சிசேரியன் ஆனவர்கள், கர்ப்பப்பையில் கட்டி எடுத்த ஆபரேஷன் ஆனவர்கள், நாள் தள்ளிப்போனதும் ஆறு, ஏழாவது வாரத்துக்குள் பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தாலும் சரி. "கரு தழும்பு மேலயா இருக்கு, தள்ளி இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த நேரத்தில் தெரிந்தால் கரு இருக்கிற பைக்குள் நேராக மருந்து செலுத்தியோ, ஸ்கேனில் பார்த்தபடியே உறிஞ்சி எடுத்தோ, லேப்ராஸ்கோப்பியிலோ முடித்துவிட முடியும், கர்ப்பப்பையும் தப்பிக்கும். பார்க்காமல் சுரண்டினால் ரத்தம் நிற்காது. ஸ்கேன் எடுக்காமல் மெடிக்கல் ஷாப்பில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களை நினைத்தால் இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தங்கச்சி பிழைத்துவிட்டாள். இரண்டு வருஷமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது என்றும், தரித்தால் முதல் வாரங்களிலேயே வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பையன் அம்மாவின் வயிற்றில் ஏறி உட்காரப் போகும்போதெல்லாம் நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறேன்.

பிறகு நர்சிங் ஹோமில் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அதை எழுதி நீட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில், 'மருத்துவர் அறிவுரையை மீறி, உறவினர் விருப்பத்தின் பேரில் வெளியேறினார்' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது, "இதுல போட்டாத்தான் அனுப்ப முடியும்" என்று நீட்டிய தாள் அது. அப்போது அதில் படிக்க ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.