றிப்போட் வேகமாகும் எண்டு நம்பி 185,000 ரூபாயை விட்டவன் எழுதுறன்

கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சுன்னாகத்தில ஹாட்வெயார் கடை. பில், ஸ்டொக் எல்லாம் வெப் சிஸ்டத்தில. பில்லுகள் கூடக்கூட, மாதக்கடைசி விற்பனை றிப்போட்டை அமத்தினா வட்டம் சுத்திக்கொண்டே நிக்கும். 20 நிமிசம். சில நாள் டைம் அவுட்.

முகப்புத்தக விளம்பரம் பாத்து ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனிக்கு எடுத்தன். வந்த தம்பி செருப்பை வாசலில கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தவர். பிளேன்ரீ குடிச்சார். அம்மான்ர ஊரைக் கேட்டார், "எங்கட பெரியம்மாவும் அங்கதான் அண்ணை" எண்டார். அதிலதான் நான் விழுந்தன். பிறகு தன்ர லப்டொப்பில எங்கட றிப்போட்டைத் திறந்து காட்டினார். 3 செக்கன்! "சேர்வர் காணாது அண்ணை, பெரிசு போட்டா இப்பிடித்தான் பறக்கும்." அண்டைக்கே 185,000 ரூபா கைக்காசு. நாள் முழுக்கப் பில் அடிக்கிறவன், அவரிட்ட ஒரு பில் வாங்கேல்லை.

அவர் காட்டினது ஒரு கிழமைப் பில் மட்டும் எண்டு இப்பதான் விளங்குது.

சேர்வர் மாறினது. 20 நிமிசம் 17 ஆச்சு. சேர்வரின்ர மாத வாடகை வேற கூடிச்சு. போன் எடுத்தா "உங்கட இன்ரநெற் பிழை." பிறகு "நல்லூர்த் திருவிழா முடியட்டும் அண்ணை." தேர் முடிஞ்சுது, தீர்த்தம் முடிஞ்சுது, பூங்காவனமும் முடிஞ்சுது. இப்ப வாட்ஸப்பில நீலச்சரி மட்டும் விழுகுது. 185,000 ரூபா!

நேற்று ராத்திரி தங்கச்சியின்ர மகன், கம்பஸில படிக்கிறவன், இருந்து பாத்தான். பில்லுகள் பதிஞ்சிருக்கிற ரேபிளில திகதிக்கு இன்டெக்ஸே இல்லையாம் (புத்தகத்தின்ர கடைசியில இருக்கிற சொல் அட்டவணை மாதிரி, தேடுறதைக் கெதியா எடுக்கிறதுக்கு), ஒவ்வொரு தரமும் முதல் பில்லில இருந்து கடைசி பில் வரைக்கும் தேடுதாம். அதோட ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பேரைத் தனித்தனியாப் போய்க் கேக்குதாம். 4,000 பில் எண்டா 4,000 தரம்! கடையில ஒரு பொடியன் ஆணியை ஒவ்வொண்டா எடுக்க ஸ்ரோருக்கு ஓடினா விடுவமா? ரெண்டு ரேபிளையும் சேர்க்கிற ஜொயின் போட்டு, அதை ஒரே குவெரி, அதாவது டேட்டாபேசிட்டக் கேக்கிற ஒரே கேள்வி ஆக்கினான். திகதியை வருசம், மாதம் எண்டு பிரிச்சுத் தேடினா சாதாரண இன்டெக்ஸ் உதவாதெண்டு, தொடக்கத் திகதி முடிவுத் திகதி எண்டு மாத்தினான். காலமை அமத்தினன். 6 செக்கன். பழைய சேர்வரே காணுமாம்.

விரிவா அறிவுரை எழுதத்தான் இருந்தன், மனமில்லை. சேர்வரை மாத்தச் சொன்னா, எந்தக் குவெரி இழுக்குது எண்டு முதல் காட்டச் சொல்லுங்கோ. மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேசில, நேரம் எடுக்கிற குவெரியளைக் குறிச்சு வைக்கிற ஸ்லோ குவெரி லொக் எண்டு ஒண்டு இருக்கு. உங்கட முழு டேட்டாவிலயும் ஓட்டிக் காட்டாமல் காசு குடுக்காதேங்கோ. பில் வாங்குங்கோ.

மருமகன் கேட்டது நல்லூரடியில ஒரு ஐஸ்கிறீம். பின்னேரம் கூட்டிக்கொண்டு போறன். போற வழியில அந்தக் கொம்பனியிலயும் ஒருக்கா ஏறி இறங்குவன்.