பழைய ஸ்பிரிங் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்

மலேசியாவில், கிள்ளான் பக்கம், ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைத் தாழ்த்த நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும்.

என்னுடையது 2013 டொயோத்தா 86, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பிறவியிலேயே தாழ்வான கார்தான். ஆனாலும் டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலே வளையும் தகடு) நடுவே இருந்த இடைவெளி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. 30 மில்லிமீட்டர் இறக்கினால் போதும், டயர் எங்கேயும் உரசக் கூடாது என்று கடைக்காரரிடம் சொன்னேன். "கவலைப்படாதீங்க தம்பி, ஜப்பான் ஸ்பிரிங், சிவப்புக் கலர், போட்டா கச்சிதமா உட்காரும்" என்றார். ஸ்பிரிங்குக்கும் கூலிக்குமாக 1,450 வெள்ளி (ரிங்கிட்). கூடவே கடையில் கிடந்த 18 அங்குல ரிம் செட்டையும் டயரோடு என் தலையில் கட்டினார். காலையில் விட்டேன், மாலையில் எடுத்தேன். சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். கேட்டதற்கு, புது ஸ்பிரிங் படிய இரண்டு வாரம் ஆகும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன்கள் இருவரையும் பின்னால் திணித்துக்கொண்டு காப்பார் சாலையில் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் 'சர்ர்' என்றது. ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் டயரின் வெளி விளிம்பில் கத்தியால் சீவியதுபோல் சுற்றிலும் ஒரு கோடு.

திரும்பப் போனேன். ஃபெண்டரின் உள் மடிப்பை ரோல் செய்துவிட்டால் சரியாகிவிடும், 300 வெள்ளி என்றார். அதற்கும் கொடுத்தேன், என் புத்தி அப்படி. ஹீட் கன் காட்டி, பெயிண்ட்டை இளக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டிய வேலை அது. அவருடைய ஆள் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே பேஸ்பால் மட்டையைச் செருகி, காரை முன்னும் பின்னும் தள்ளினான். பெயிண்ட் வெடித்தது. உரசல் நிற்கவில்லை.

மேரு என்ற ஊரில் வேறொரு ஃபோமனிடம் (மெக்கானிக்) கொண்டுபோனேன். அவர் காரை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, தொங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கைக் கையால் திருகினார். பாட்டில் மூடி மாதிரி சுற்றியது. "பொத்தோங்" என்றார், ஒரே வார்த்தை. மலாயில் 'வெட்டியது' என்று அர்த்தம். காரில் வந்த ஒரிஜினல் ஸ்பிரிங்கையே கிரைண்டரால் வெட்டி, சிவப்பு ஸ்பிரே அடித்து மாட்டியிருக்கிறார்கள்! சக்கரம் கீழே தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங்குக்கு நீளம் போதாது, தான் உட்காரும் தட்டை விட்டு விலகிவிடும். மறுபடி உட்காரும்போது வருவதுதான் அந்த 'டொக்'.

அப்சார்பரைப் பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பம்ப் ஸ்டாப் ரப்பரையும் பாதிக்கு அறுத்திருந்தார்கள். சக்கரம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தடுப்பதே அந்த ரப்பர்தான். அதை அறுத்தால் டயர் ஃபெண்டருக்குள் போகாமல் வேறு எங்கே போகும்? நண்பனின் கை வைக்காத 86ஐப் பக்கத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தோம். நான் கேட்டது 30. இறங்கியிருந்தது முன்னால் 42, பின்னால் 55.

ரிம் கணக்கை ஃபோமன் அட்டைப்பெட்டியின் மேல் எழுதியே காட்டினார். கம்பெனி ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48 மில்லிமீட்டர் (இந்த எண் குறையக் குறைய ரிம் வெளியே தள்ளி நிற்கும்). எனக்கு விற்றது 8.5 அங்குலம், ஆஃப்செட் 35. வெளி விளிம்பு 32 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுகிறது. பின்னால் என்னிடம் கேட்காமலே 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் வேறு, ரிம்மை வெளியே தள்ளும் தகடு. ஆக 47. டயரும் 18 அங்குல 225/40. பழைய 17 அங்குல 215/45 டயரைவிட விட்டத்தில் 12 மில்லிமீட்டர் பெரிது. தாழ்த்தினால் டயர் உரசும் என்று பொதுவாகச் சொல்கிறோம், என் காரில் தாழ்த்தியதைவிட இந்த ரிம் கணக்குதான் அதிகம் கெடுத்தது.

அவர் செய்தது இவ்வளவுதான்: 25 மில்லிமீட்டர் இறக்கும் அசல் ஸ்பிரிங், புது பம்ப் ஸ்டாப், 215/40 டயர். ஸ்பேசர் குப்பைக்குப் போனது. முன்னால் கேம்பர் போல்ட் போட்டு, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்படி மைனஸ் ஒன்றரை டிகிரி வைத்தார். பின்பக்கம் தாழ்த்தினால் தானாகவே கொஞ்சம் சாயும். ஸ்பிரிங்கை மாட்டுவதற்கு முன், வெறும் அப்சார்பரோடு ஒவ்வொரு சக்கரத்தையும் பம்ப் ஸ்டாப் நசுங்கும்வரை ஜாக்கால் உயர்த்தினார். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, எங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளைக் கார் தரையில் நின்ற பிறகுதான் முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் அந்தக் கைகளின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடுமாம். கடைசியாக அலைன்மெண்ட், அச்சடித்த தாளோடு. முதல் கடையில் "அலைன்மெண்ட் பார்த்தாச்சு" என்ற வாய்ச்சொல் மட்டும்தான் கிடைத்தது.

அசல் ஸ்பிரிங் மாட்டியிருந்தால் காரிலிருந்து கழற்றிய பழைய நான்கும் கடையில் மிஞ்சியிருக்க வேண்டும். அன்றைக்கே அதைக் கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். முதல் கடைக்காரரிடம் ஃபோனில் பிறகு கேட்டபோது "இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான் தம்பி" என்றார். ரசீதில் 'லோவரிங்' என்று மட்டும் எழுதியிருக்கிறார், பிராண்டும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. பாரம் வாங்கி வைத்திருக்கிறேன். மேரு ஃபோமன் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். வெட்டிய ஸ்பிரிங் நான்கும் ஒரு கோணிப்பையில், காரின் பின்பெட்டியில் கிடக்கின்றன. சிவப்புப் பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினால் அடியில் கம்பெனிக் கறுப்பு தெரிகிறது.