குமிழ் உருளைக் கட்டைகள்: மலிவு செட் கோலாலம்பூர் ஈரத்துக்குத் தாங்குமா?

பொருள்களைக் கையாண்டு பிள்ளை தானே கற்கும் மாண்டிசோரி வகுப்பில் மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு முதலில் வரும் பொருள்களில் ஒன்று குமிழ் உருளைக் கட்டை. நீளமான மரக்கட்டையில் 10 குழிகள், ஒவ்வொன்றிலும் தலையில் குமிழ் வைத்த ஓர் உருளை. இப்படி நான்கு கட்டைகள் சேர்ந்தால் ஒரு செட். இணையக் கடைகளில் பெயர் இல்லாத மலிவு செட்டுகள் நிறைய வருகின்றன. படத்தில் பார்த்தால் விலை கூடிய செட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு குழிக்குள் இருக்கிறது.

இந்தப் பொருளில் ஆசிரியர் வேலையைக் குழிதான் செய்ய வேண்டும். தடிமன் மட்டும் மாறும் கட்டையில் உருளைகள் 5.5 செ.மீ.யில் தொடங்கி அரை அரை செ.மீ.யாக 1 செ.மீ. வரை குறையும். ஒல்லியானதைப் பெரிய குழியில் போட்டால் அது ஆடும். கடைசியில் ஒரு தடித்த உருளை இடமில்லாமல் கையில் மிஞ்சும். எங்கே பிசகியது என்று பிள்ளையே தேடத் தொடங்கும், யாரும் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டியதில்லை. மலிவு செட்டுகளில் பலவற்றில் குழி தளர்வாகத் துளைக்கப்பட்டிருக்கிறது. சரியான உருளையே ஆடினால், தவறானது ஆடுவதைப் பிள்ளை எப்படிக் கண்டுகொள்ளும்?

உயரம் மட்டும் மாறும் கட்டை இன்னும் கறாரானது. அதில் எந்த உருளையும் எந்தக் குழியிலும் இறங்கிவிடும். மேலே நீட்டிக்கொண்டு நிற்பதோ உள்ளே அமுங்கிப் போவதோதான் பிழையைக் காட்டும். பத்தையும் சரியாகப் போட்டு, குமிழ்களில் இடிக்காமல் அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வையுங்கள். உருளைத் தலைகளும் கட்டையின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது ஈரம். மலிவு செட்டுகளில் பால்மரக் கட்டை, அதாவது ரப்பர் மரக் கட்டை, அடிக்கடி வருகிறது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே மரம்தான். நன்றாகப் பதப்படுத்தினால் குறை சொல்ல முடியாது; இல்லையென்றால் நீலப்பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். ஆனால் எந்த மரமானாலும் ஈரம் ஏறினால் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்ட நீளாது, குறுக்கேதான் உப்பும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக உப்பாது. வட்டம் மெல்ல நீள்வட்டமாகும். உருளையைக் குழியில் இறக்கிக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் இறுகினால் இந்தக் கோளாறுதான். வெள்ளிக்கிழமை ஏர்கோனை அடைத்துவிட்டுப் போகும் வகுப்பில், திங்கட்கிழமை உருளைகள் கழலாமல் நிற்பது இதனால்தான். உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், காய்ந்ததும் தளர்ந்துவிடும். ஓரிரு நாள் ஏர்கோன் அறையிலேயே விட்டுவிடுங்கள், அப்போதும் இறுக்கம் போகவில்லையென்றால் தேய்க்கலாம். வெயிலில் காய வைத்தால் குழி விளிம்பு வெடிக்கும். சானிடைசர் தெளித்தால் சிலவகை வார்னிஷ் பிசுபிசுக்கும். உலர்ந்த துணி போதும்.

குமிழுக்கு வண்ணம் அடித்த செட்டுகளும், உருளையிலும் குழியிலும் எண் அச்சடித்த செட்டுகளும் வருகின்றன. வாங்காதீர்கள். பிள்ளை அளவை விட்டுவிட்டு நிறத்தைப் பொருத்தும், அப்புறம் இந்தக் கட்டை எதற்கு? ‘மினி’ செட்டும் வேண்டாம். படிக்குப் படி வேறுபாடு இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டால், தயாரிப்புப் பிழையே அதை விழுங்கிவிடும்.

காட்டிக் கொடுக்கும் முறை எளிது, பெரியவர்களுக்குத்தான் கடினம். கட்டையை இரு கையாலும் தூக்கி வந்து வையுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் மட்டும் குமிழைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுங்கள். பிறகு பென்சில் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்கள். முன்னால் கலைத்து வைத்து, பேசாமல், மெதுவாகத் திரும்பப் போடுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ரோமில் 1907இல் தொடங்கிய முதல் மாண்டிசோரி குழந்தைகள் இல்லத்தில் ஒரு சிறுமி இதே உருளைகளை 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பப் போட்டதை, இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி எண்ணிப் பார்த்திருக்கிறார். ‘போதும் ஐயா, அடுத்ததுக்குப் போவோம்’ என்று கட்டையைப் பிடுங்கினால், நல்ல செட் வாங்கியும் பயனில்லை.

வீட்டுக்கு முழு செட் தேவையில்லை. தடிமன் மாறும் கட்டையும் உயரம் மாறும் கட்டையும் முழு அளவில் இருந்தால் போதும். மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் மலிவானதே வாங்கலாம். வகுப்புக்கு மட்டும் காசு பார்க்காமல் நல்ல பீச் (beech) மர செட்டாக எடுங்கள். பசை மட்டும் வைத்து ஒட்டிய குமிழ் பல பிள்ளைகள் கையில் நாள்தோறும் புரளும்போது கழன்று விழும். இழுத்துப் பார்த்து வாங்குங்கள். கழன்ற குமிழும் மிகச் சிறிய உருளைகளும் தொண்டையில் அடைக்கும் அளவுதான், பொருள்களை வாயில் வைக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் எட்டாத தட்டில் வையுங்கள். உருளை ஒன்று தொலைந்தாலும் அந்தக் கட்டையே வீணாகும். மலிவு செட் விற்பவர் தனி உருளை தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் செட் வந்த அன்றே எல்லா உருளைகளின் விட்டத்தையும் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். கடைசல் பட்டறையில் செய்துகொள்ள அந்த இரண்டு அளவும் வேண்டும்.